திருகோணமலையில் முதல் கடல்நீர்த் தொட்டி: நைதரசன் சைக்கிளை எந்த வழியில் தொடங்குவது?

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும்: "கடல் பக்கத்திலதானே கிடக்கு, நாலு கேன் அள்ளி ஊத்தினாச் சரிதானே?" தண்ணீரைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. கண்டியில் இருப்பவர் பெட்டி பெட்டியாக உப்பு வாங்கிக் கரைக்க வேண்டும். நமக்கு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனால் நல்ல கடல்நீர் கிடைக்கிறது. ஆனால் தொட்டியில் விட்ட மீன் முதல் மாதத்தைத் தாண்டுமா என்பதைத் தீர்மானிப்பவை, கல்லிலும் மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள். கேனில் வரும் தண்ணீரோடு வந்து சேர்வது அவற்றில் மிகச் சொற்பம். கடல் அமோனியாவை உண்ணும் நைட்ரோசோபுமிலஸ் என்ற நுண்ணுயிரை 2005 இல் முதன்முதலாகத் தனியே வளர்த்துக் காட்டினார்கள். அதை எடுத்த இடம்கூட சியாட்டில் மீன்காட்சியகத்துக் கடல்தொட்டி ஒன்றின் சரளைக்கல்தான்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் பெரிய கெடுதல் இல்லாதது, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த இரண்டு கூட்டங்களும் தேவையான அளவுக்குப் பெருகும்வரை காத்திருப்பதைத்தான் சைக்கிள் பண்ணுவது என்கிறோம். சாதாரண அழுகல் பக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவையோ இரட்டிப்பாக அரை நாளிலிருந்து ஒன்றிரண்டு நாள்வரை எடுக்கும். அதனால்தான் வெறுமையாகத் தொடங்கும் தொட்டிக்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகிறது.

பக்டீரியாவுக்குப் பசி தீர்க்க அமோனியா எங்கிருந்து வரப்போகிறது, பக்டீரியா எங்கிருந்து வரப்போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் ஒவ்வொரு வழியும். நான் எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: எவ்வளவு அமோனியா போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறதா, அது குறைவதை உங்களால் பார்க்க முடிகிறதா? வேகமும் செலவும் அதற்குப் பிறகு.

மீனை விட்டே சைக்கிள் பண்ணும் பழைய வழியை முதலில் தள்ளி வைக்கிறேன். டாம்செல் மீன் தாங்கும், மொலியை உப்புத் தண்ணீருக்குப் பழக்கி விடலாம், செத்தாலும் பெரிய விலை இல்லை என்று கடைகளில் சொல்வார்கள். தாங்கும் என்றால் சாகாமல் கிடக்கும் என்றுதான் பொருள். செவுள் கருகுவது வெளியே தெரிவதில்லை. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் இப்படிச் செய்து தப்பிவிட்டதாகச் சொன்னாலும் அதைக் கடல் தொட்டிக்குப் பொருத்த முடியாது. அமோனியாவில் நச்சான பங்கு பிஎச் ஏற ஏறக் கூடும். பிஎச் 7 இல் இருப்பதைவிடக் கடல்நீரின் 8.2 இல் அது பத்து மடங்குக்கும் மேல். சூடு கூடினாலும் அந்தப் பங்கு கூடும், நம் ஊர்ச் சூடு தெரியும்தானே. அப்புறம், டாம்செல் உயிர் பிழைத்தாலும் தொட்டி முழுவதும் தன் இடம் என்று நினைத்துவிடும். பின்னால் விடும் சாதுவான மீன்களைத் துரத்தித் துரத்திக் கொத்தும். அதைப் பிடிக்கக் கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டிவரும். இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்தது கடலிலிருந்து கல் எடுத்து வருவது. திருகோணமலைக்காரருக்கு இதுதான் பெரிய சபலம். வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் 'லைவ் ரொக்', அதாவது நுண்ணுயிர்கள் ஒட்டிய உயிருள்ள கடற்கல், போடச் சொல்கின்றன, நம் கரையிலோ பவளக்கல் துண்டுகள் சும்மா கிடக்கின்றன. தயவுசெய்து தொடாதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து உயிருள்ளதோ செத்ததோ எதையும் எடுத்து வருவது குற்றம். பூங்காவுக்கு வெளியே எடுத்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் பவளக்கல்லைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கொண்டு செல்வதையும் தடை செய்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை உடைத்து உடைத்துக் கரையை இழந்த தீவு இது. அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் தொடங்குபவருக்கு அந்தக் கல் நல்லதில்லை. வெயிலில் அரை மணி நேரம் வெளியே வந்த கல்லில் இருக்கும் கடற்பஞ்சும் புழுவும் சிறு சிப்பிகளும் செத்து, தொட்டிக்குள் அழுகத் தொடங்கும். எவ்வளவு அழுகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடற்கரை மணலும் அப்படித்தான். அதை அள்ளுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. புல்மோட்டைப் பக்கத்து மணலில் இல்மனைற்று போன்ற கனிமங்கள் நிறைய. பவளத் தொட்டிக்காரர்கள் தேடும் சுண்ணாம்பு மணல் இதுவல்ல. சுத்தமான உலர்ந்த செயற்கைக் கல்லும் கடையில் வாங்கிய அரகோனைற்று என்ற சுண்ணாம்பு மணலும் போட்டுத் தொடங்குங்கள். அதில் ஆரம்பத்தில் உயிர் இல்லை, அழுக ஒன்றும் இல்லை என்பதே அதன் நன்மை.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

இறால் போடும் வழியை நம் ஊரில் எவரும் செய்யலாம். சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைப் பழைய மெல்லிய துணியில் கட்டித் தொட்டியில் போட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகி அமோனியா விடும். தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் புது இறால் என்றால் பதப்படுத்தும் மருந்து கலந்திருக்குமோ என்ற பயமும் குறைவு. வேலை செய்கிற வழிதான், மறுக்கவில்லை. ஆனால் என் அளவுகோலில் இது தேறுவதில்லை. ஒரு இறால் எவ்வளவு அமோனியா விடும் என்பது அதன் பருமனையும் சூட்டையும் பொறுத்தது. 30 பாகை செல்சியஸ் தண்ணீரில் சட்டென்று கரைந்து, சின்னத் தொட்டியில் அமோனியா 5 பிபிஎம்முக்கு (லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு) மேல் போய்விடலாம். அந்த அளவுக்கு ஏறினால் நைட்ரைட்டை உண்ணும் கூட்டம் அடங்கிப் போய் சைக்கிள் இழுத்துக்கொண்டே போகும். தண்ணீர் பால்போல் கலங்கும், முன்அறையில் தொட்டி வைத்திருந்தால் வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அதோடு இறால் விடும் பொஸ்பேற் தொட்டியிலேயே தங்கி, பின்னால் பாசிக்குத் தீனியாகும். பாதி நாறிய இறாலை எந்த நாளில் வெளியே எடுப்பது என்பதற்கும் நிச்சயமான விடை இல்லை. டெஸ்ட் கிட் சொல்வதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அமோனியம் குளோரைட் கரைசலைச் சொட்டுக் கணக்கில் விடுவது அடுத்த வழி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம், இதில் கணக்கு இருக்கிறது. 10 கிராம் தூளை 1 லீற்றர் ஆர்ஓ நீரில் (உப்பும் தாதுக்களும் வடிகட்டி நீக்கிய நீரில்) கரைத்து வையுங்கள். அந்தக் கரைசலில் சுமார் 63 மில்லிலீற்றர் விட்டால் 100 லீற்றர் தண்ணீரில் அமோனியா 2 பிபிஎம் ஆகும். 100 லீற்றர் தொட்டியில் கல்லும் மணலும் போட்டபின் உண்மையில் 80, 85 லீற்றர்தான் நிற்கும். அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 2 பிபிஎம். பிறகு அது குறையும்வரை எதுவும் சேர்க்க வேண்டாம். அமோனியா கீழே வந்து நைட்ரைட் ஏறும்போது இன்னொரு சிறு அளவு. இறாலில் போல "எவ்வளவு வந்ததோ" என்று யோசிக்க வேண்டியதில்லை, இன்றைக்கு என்ன போட்டோம், நாளைக்கு என்ன மிஞ்சியது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகலாம்.

தூளை எங்கே வாங்குவது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமும் இதே பொருள்தான். ஆனால் அந்தக் கட்டியில் உலோக அழுக்கு இருக்கலாம், அதை வேண்டாம் என்பேன். தாமிரம் போன்றவை சிறிதளவு சேர்ந்தாலும் பின்னால் வைக்கப்போகும் நத்தையும் இறாலும் தாங்காது. ஆய்வுகூடத் தரத் தூள், இல்லாவிட்டால் மீன்தொட்டிக்கென்றே விற்கும் அமோனியாப் போத்தல், இரண்டில் ஒன்றை எடுங்கள். தரை துடைக்கும் அமோனியாவில் நுரைக்கும் சவர்க்காரப் பொருள் கலந்திருக்கும். கந்தளாய்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் யூரியா போட்டால் என்ன என்று கேட்பார்கள். யூரியா அமோனியாவாக உடைந்த பிறகே கிட்டில் தெரியும். தெரியவில்லையே என்று மேலும் மேலும் போட்டு, எல்லாம் ஒன்றாக உடையும் நாளில் தொட்டி திணறிவிடும்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. சுத்தமான உப்பு, சுத்தமான கல், சுத்தமான அமோனியா என்று எல்லாமே சுத்தமாக இருந்தால் பக்டீரியாவுக்குத் தேவையான பொஸ்பரஸ் கிடைக்காமல் நைட்ரைட் உயரத்திலேயே நின்றுவிடுவது உண்டு. அப்படி நின்றால் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் போதும். இயற்கைக் கடல்நீர் ஊற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவது குறைவு.

போத்தல் பக்டீரியாவைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். இரண்டு பக்கமும் பாதி சரி. நல்ல நிலையில் வந்த, அமோனியாவையும் நைட்ரைட்டையும் உண்ணும் உண்மையான நைட்ரிபையிங் பக்டீரியா உள்ள போத்தல் சைக்கிளை ஒன்றிரண்டு வாரத்துக்குச் சுருக்கிவிடும். பிரச்சினை அது நம்மிடம் வரும் வழி. இந்த பக்டீரியாக்கள் விதைபோல உறங்கும் வித்திகளை உருவாக்காதவை. கப்பல் கொள்கலனில், கொழும்புக் கடை அலுமாரியில், பிறகு பார்சலாகத் திருகோணமலை பஸ்ஸில் என்று சூட்டில் வேகும்போது அவை குறைந்துகொண்டே வரும். உறங்கிக் கிடந்து தப்பும் பசிலஸ் வகைகளை அடைத்து விற்கும் போத்தல்களும் இருக்கின்றன. அவை அழுக்கை உடைக்கும், ஆனால் நமக்கு வேண்டிய வேலையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. நன்னீருக்கான போத்தலும் கடல் தொட்டிக்குப் பெரிதாக உதவாது. வாங்குவதானால் உற்பத்தித் திகதி பார்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்கும் இடத்தில் வாங்குங்கள். போத்தல் உயிரோடிருக்கிறதா என்று அறிய 2 பிபிஎம் அமோனியாவோடு சேர்த்து விடுங்கள். மூன்று நான்கு நாளில் அமோனியா அசையவே இல்லையென்றால் உள்ளே பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பக்டீரியாவை ஊற்றிவிட்டு அமோனியா போடாமல் விட்டால் அவை பட்டினி கிடக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் கடல் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் துண்டோ ஃபில்டருக்குள் போடும் செரமிக் வளையம் ஒரு கையளவோ கேட்டு வாங்குவதற்கு இணையான வேகம் வேறெதிலும் இல்லை. மேற்பரப்பில் ஒட்டி வாழும் அதே கூட்டம், அதே உப்பில், ஒட்டியபடியே வருகிறது. நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து எடுத்தால் உப்பு மாற்றத்தில் பெரும்பகுதி செத்துவிடும், கேட்க வேண்டாம். ஏற்றுமதிக்கு அலங்கார மீன் பிடிப்பவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஓடும் தொட்டிகளும் உண்டு. ஆனால் பல மீன்கள் வந்து போகும் தொட்டியில் காப்பர் மருந்து போடும் வழக்கம் இருக்கலாம், அது ஸ்பாஞ்சில் தங்கும். அதைவிட, கடல் வெள்ளைப்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் ஈரமான எதனோடும் ஒட்டி வரும். அதனால் புதிதாக மீன் சேர்க்காமல், நோய் வராமல் சில மாதமாவது ஓடிய வீட்டுத் தொட்டிதான் நம்பிக்கையானது.

கொண்டு வரும் விதமும் முக்கியம். மூடிய போத்தலில் தண்ணீரோடு போட்டால் சூட்டில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். ஈரம் சொட்டாமல் பிழிந்து, காற்று நிறைந்த பொலித்தீன் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து எடுத்து வாருங்கள். கொழும்பிலிருந்து ஆறேழு மணி நேர பஸ் பயணத்தையும் அது தாங்கும்.

என் தெரிவைச் சொல்கிறேன். நம்பகமான ஓடும் தொட்டி ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த ஸ்பாஞ்சும் அமோனியம் குளோரைட்டும் சேர்ந்த வழி. அப்படி யாரும் இல்லையென்றால் அமோனியம் குளோரைட் மட்டும், பொறுமையோடு. கையில் காசு இருந்து நல்ல போத்தல் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அமோனியாவுக்குச் செலவழிக்க மனமில்லாமல் போத்தலை மட்டும் வாங்குவது வீண். தூள் எங்குமே கிடைக்காத நிலையில்தான் இறால். அதுவும் முழு இறால் வேண்டாம், ஒரு சிறு துண்டு. டெஸ்ட் கிட் வாங்கக் காசு இல்லையென்றால் தொட்டியையே தள்ளிப்போடுங்கள். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பார்க்கும் கிட்டும் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றரும் இல்லாமல் மேலே சொன்ன எந்த வழியும் இருட்டில் நடப்பதுதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கடல்நீரா, செயற்கை உப்பா என்பதற்கு இங்கே விடை மாதத்தைப் பொறுத்து மாறும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெளிக்கடல் தெளிவாக, உப்பளவு நிலையாக இருக்கும். அப்போது தெரிந்த படகுக்காரரிடம் சொல்லி, அலை உடையும் இடத்துக்கு வெளியே, எஞ்சினை நிறுத்தி, உணவுத்தரக் கேன்களில் எடுத்து வந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. மாரி தொடங்கினால் கதை வேறு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. வெள்ளக்காலத்தில் குடாவின் நீர் செம்மண் நிறத்தில், உப்புக் குறைந்து, வயல் உரத்தையும் சுமந்து வரும். ஐப்பசி முதல் தை வரை கரைநீரை நம்பாமல் செயற்கை உப்புக் கரைப்பதே நல்லது. துறைமுகத்துக்கு உள்ளே எந்த மாதத்திலும் எடுக்க வேண்டாம், கப்பல் எண்ணெய் படலமாக மிதக்கும். எடுத்துவந்த நீரை மூடி இருட்டில் இரண்டு வாரம் வைத்தால் மிதவை உயிர்கள் செத்து அடியில் படியும். மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை ஊற்றினாலும் உப்பளவு அடர்த்தியில் 1.025 சுற்றி இருக்க வேண்டும்.

வெப்பத்தில் நமக்கு ஒரு வசதி. குளிர்நாட்டுக்காரர் ஹீற்றர் வாங்குவார்கள், நமக்கு வேண்டாம். 28, 30 பாகையில் இந்த பக்டீரியாக்கள் நன்றாகவே வளரும். மீன் இல்லாத சைக்கிள் காலத்தில் 30 பாகை ஒரு கவலையே இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்கு மேல் போனால்தான் நீர்ப்பரப்பில் ஒரு சின்ன மின்விசிறி தேவை. விசிறி வைத்தால் நீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த நீரை ஆர்ஓ நீரால் நிரப்ப வேண்டும், கடல்நீரால் நிரப்பினால் உப்பு மேலும் மேலும் கூடும். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் சவர், அதுவும் வேண்டாம். குழாய் நீரில் குளோரின் இருக்கும், வளர்த்த பக்டீரியாவையே அது கொல்லும்.

ஒட்சிசன்தான் நம் ஊரில் உண்மையான பலவீனம். 30 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைத்தான் பிடித்து வைக்கும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை நைட்ரேட்டாக்க பக்டீரியாவுக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் கட் ஆன காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் ஒரு காற்று பம்பை போத்தல் பக்டீரியாவுக்கு முன் வாங்குங்கள்.

சைக்கிள் முடிந்ததா என்பதை நாள் கணக்கால் சொல்ல முடியாது. 2 பிபிஎம் அமோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூச்சியத்துக்கு வந்தால் முடிந்தது. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அது நைட்ரைட்டையும் நைட்ரேட்டாகவே படித்துக் கூட்டிக் காட்டும். கடல்மீனுக்கு நைட்ரைட் நன்னீர் மீனுக்குப் போல அவ்வளவு கொடியதில்லை, நீரில் உள்ள குளோரைட் அது செவுளுக்குள் போவதைத் தடுக்கிறது. ஆனாலும் பூச்சியம் வரும்வரை பொறுங்கள், ஏனென்றால் இரண்டாவது கூட்டம் நிலைத்துவிட்டதற்கு அதுதான் சாட்சி. இந்தக் காலம் முழுவதும் விளக்கை அணைத்தே வையுங்கள், பாசி வராது.

இடையில் மொத்தம் 6 பிபிஎம் அமோனியா விட்டிருந்தால் கடைசியில் நைட்ரேட் 20 பிபிஎம்மைத் தாண்டி நிற்கும். பாதி நீரை மாற்றினால் பாதியாகும். பெரிய நீர்மாற்றம் கொழும்புக்காரருக்குச் செலவு, இருட்டில் தெளிந்த கடல்நீர் கேன் கேனாக வைத்திருக்கும் நமக்கு ஒரு காலை நேர வேலை. மாற்றிய அன்றோ மறுநாளோ முதல் மீனை விடுங்கள், அதற்கு மேல் தள்ளினால் தீனியில்லாமல் பக்டீரியா குறையும். தொடக்கத்தில் ஒரு சோடிக் கோமாளி மீன் போதும். அடுத்த மீனுக்கு இரண்டு வாரம், அதுவும் அமோனியா பூச்சியம் என்று கிட் காட்டிய பிறகு.